வலப்பக்க இருக்கை

என் அன்புக்கு,

வண்டிக்கு இந்த வருடத் தகுதிச் சான்று கிடைத்துவிட்டது. நீ நம் பழைய ஊரான பிரேமனுக்குத் திரும்பிப் போன பிறகு பின்சக்கரம் இரண்டையும் மாற்றினேன். இங்கே டிமாருவில் குளிர் தொடங்கிவிட்டது.

நேற்றுப் பக்கத்து வீட்டு நெவில் என்னோடு வந்தார். முன்னால் பால் லாரி ஒன்று ஊர்ந்தது.

"ஏன்யா ஆமை மாதிரி போறே? முந்திப் போயேன்!"

"ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கே. எனக்கு லாரியோட முதுகுதான் தெரியுது. எதிர்ல வர்றது உங்க பக்கத்துலதான் தெரியும்."

அவர் எட்டிப் பார்த்தார். "ரோடு காலியா கிடக்கு, போ!"

என் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கண்ணு மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். லாரிக்குப் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்தோம்.

இந்த வண்டியை பிரேமனிலிருந்து இங்கே கப்பலேற்ற வேண்டாம் என்று நீ அன்றே சொன்னாய். பிறகு நீதான் அந்த வலப்பக்க இருக்கையிலிருந்து "இரு, இரு... இப்ப போ!" என்று வழி சொன்னாய். ஒருநாள், "நான் உனக்குப் பொண்டாட்டியா, பக்கக் கண்ணாடியா?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன்.

ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். மாற்றிவிட்டால் பக்கத்தில் யாரும் தேவையில்லை, நானே பார்த்து முந்திக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் வேண்டுமாம்.

மாற்றச் சொல்லட்டுமா?

இன்னும் இடப்பக்கமே உட்கார்ந்திருக்கும்
உன் டிரைவர்