இறங்கிய நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி பரவாயில்லையா? அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அதே மேஜை, அதே போர்வை மடிப்பு.

போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும், அம்மாவைக் கலவரப்படுத்திவிடுவீர்கள் என்று எழுதுகிறேன். போன சனிக்கு முந்தின சனிக்கிழமை, என்னோடு அறையில் தங்கியிருக்கும் சமையல்காரன் கார் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். "எங்கடா?" என்றேன். "தெரிஞ்சா எதுக்குப் போகணும்? ஏறு" என்றான். வாராவாரம் இப்படித்தான், யாரும் போகாத ஏதாவதொரு குன்றில் போய் நிற்போம். இந்த முறை அவன் காரிலேயே தூங்கிவிட்டான். நான் மட்டும் ஏறினேன்.

அடிவாரத்தில் ஒரு தகரப்பெட்டிக்குள் நோட்டு இருந்தது. ஏறும்போது பெயர், நேரம், வீட்டு போன் நம்பர் எழுத வேண்டும். இறங்கியதும் அந்த நேரத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் தேடி வருவார்களாம். உங்கள் நம்பரைத்தான் எழுதினேன். உச்சியில் யாரும் இல்லை. நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஏனோ அப்படி இல்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது, நேரே காருக்கு ஓடிவிட்டேன்.

அந்த நோட்டுப்படி நான் இன்னும் இறங்கவில்லை. இன்றோடு ஒன்பது நாள். யாராவது கூப்பிட்டு என்னைக் காணோம் என்றால் பயப்படாதீர்கள், பத்திரமாக இறங்கிவிட்டான் என்று சொல்லிவிடுங்கள். போனைப் பீரோவுக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது, நிறுத்துகிறேன். யாராவது கூப்பிட்டார்களா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகன்