முதல் கொத்து

மட்டக்களப்பு
30.12.1957

அன்புள்ள முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளத்தில் பாதை உடைந்து இங்கேயே மாட்டிக்கொண்டேன். நம் வீடு மேட்டில் இருப்பதால் பயமில்லை. உள்ளறையில் உள்ள முப்பது மூட்டை அரிசியும் நனையாமல் பார்த்துக்கொள். யார் கேட்டாலும் இல்லை என்று சொல். விலை இன்னும் ஏறும். மகள் சரீபாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

உன்
சீனிமுகம்மது

கல்முனைக்குடி
4.1.1958

சரீபாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். தோணிக்காரன் ஜெமீல் கடிதம் தந்தான். காய்ச்சல் விட்டது. பக்கத்து வளவுப் பரீனாவின் குடிலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பிள்ளைக்குக் கஞ்சி வைக்க இரண்டு கொத்து அரிசி கேட்டு வந்தாள். நீங்கள் சொன்னபடி இல்லை என்றேன். புது அரிசி வாசம் வாசல்வரை வந்தது. அவளும் அதை மோந்துகொண்டுதான் நின்றாள். பொய் சொன்ன வாயால் தொழக் கஷ்டமாக இருக்கிறது. பழைய விலைக்காவது கொடுக்கட்டுமா?

உங்கள்
முனவ்வறா

மட்டக்களப்பு
8.1.1958

அன்புள்ள முனவ்வறாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். வியாபாரம் ஹலால். நான் யார் வீட்டில் களவெடுத்தேன்? நாலு வருஷத்தில் சரீபாவுக்கு வீடு கட்ட வேண்டும். வீடில்லாத பெண்ணை எந்த மாப்பிள்ளை எடுப்பான்? இரக்கத்தைக் குழைத்துச் சுவர் வைக்க முடியாது. இனி மூன்று மடங்கு விலை சொல்லி விற்கத் தொடங்கு. காசில்லாதவர்களிடம் நகை வாங்கு. உன் கால் வலிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் தேய்.

உன்
சீனிமுகம்மது

கல்முனைக்குடி
17.1.1958

சீனிமுகம்மது அவர்களுக்கு,

பதினெட்டு வருஷமாக நான் வாயால் சொல்லாத பெயர். எழுதும்போது கை கூசவில்லை.

பரீனாவைக் கூப்பிட்டு மூன்று மடங்கு விலை சொன்னேன். பிள்ளையின் தோட்டைக் கழற்றித் தந்தாள். நீங்கள் பழக்கியபடி முதல் கொத்தை ஒன்று என்று எண்ணாமல் "லாபம்" என்று அளந்தேன். அவள் பையைப் பிடித்தபடியே, "யாருக்கு, றாத்தா?" என்று கேட்டாள்.

நான் "ரெண்டு" என்று சொல்லி அடுத்ததை அளந்தேன். அதை நினைத்தால் என்மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் அறையைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தேன். பரீனா மட்டும் வரவில்லை. தோட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். "அது வித்த சாமான், றாத்தா. திருப்பி எடுக்கேலா" என்றாள்.

தோட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன். முப்பது மூட்டையிலும் கிடைத்த லாபம் இவ்வளவுதான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத எண்ணெய்ப் போத்தலும் உங்கள் உடுப்புப் பெட்டியும் ஜெமீலின் தோணியில் வருகின்றன. இந்த வீடு என் உம்மா எனக்குத் தந்தது. பாதை சரியானாலும் இங்கே வராதீர்கள்.

முனவ்வறா