சீல் உடையவில்லை

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடியும் தண்டபாணியின் சிவப்புக் கார். பட்டறைக்குள் ஏறும்போதே நீலப் புகை. ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. போன மாதம்தான் மேல்கோடு வரை ஊற்றினோம்.

இருபது வருடப் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். எட்டு சிலிண்டர். யாரோ ஓட்டித் தீர்த்ததை வாங்கி வந்து, தன் கன்டெய்னர் யார்டு வாசலில் தேர் மாதிரி நிறுத்திவைத்திருக்கிறார். ஷேர் ஆட்டோ இவ்வளவு புகை விட்டால் எண்ணூர் ரோட்டில் போலீஸ் மடக்குகிறான். இதற்கு சல்யூட் வைக்கிறான்.

தண்டபாணி முழுப் பட்டறைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "ஊத்துற எண்ணெ எல்லாம் எங்கய்யா போவுது? எஞ்சின் இன்னா வாய வெச்சி குடிக்குதா?"

ஆமாம், குடிக்கிறது. ஆட்டோமொபைல் டிப்ளமோவில் அதைத்தான் படித்தேன். படித்துவிட்டு பில் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். என் முதலாளி அய்யாத்துரைக்கும் தெரியும். புகையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் சொன்னது, "பாத்துருவோம் அண்ணாச்சி."

யார்டு வண்டிகள் எல்லாம் நம் பட்டறைக்குத்தான் வருகின்றன. அதனால் அவர் வாய் திறக்காது.

பிப்ரவரி 5, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

தண்டபாணியின் டிரைவர் விமல். காத்திவாக்கத்துப் பையன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். எல்லோர் முன்னாலும் அவனை நிற்கவைத்துக் கேட்டார்: "எண்ணெ எடுத்தியாடா?"

அவன் சாதாரணமாகச் சொன்னான்: "ஆமா சார். டப்பா அடில நிக்கிறத எடுத்துகினு போவேன்."

திருவொற்றியூரிலிருந்து காசிமேடு வரை எந்தப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். ஊற்றியது போக டப்பாவில் மிஞ்சுவது டிரைவருக்கு. யாரும் கேட்பதில்லை, யாரும் ஒளிப்பதும் இல்லை. விமல் அதைத் தன் மச்சான் ஆட்டோவில் ஊற்றுவான். நானே எத்தனையோ முறை டப்பாவை மூடி அவன் கையில் கொடுத்திருக்கிறேன். கேட்டால் ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துச் சொல்லிவிட்டான்.

"பாத்தியா, அவன் வாயாலயே ஒத்துக்கினான்! டப்பாவுல எடுக்கிறவன் எஞ்சின்ல இருந்து எடுக்க மாட்டானா? ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கிறேன் இரு."

விமல் என்னைப் பார்த்தான். நான் அய்யாத்துரையைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த கழிவுத்துணியை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

ஓடுகிற எஞ்சினிலிருந்து எண்ணெயை எடுத்து எவன் விற்பான்? கரிக்குழம்பு மாதிரி இருக்கும். இதுகூடத் தெரியாதவனுக்கு எதற்கு எட்டு சிலிண்டர்?

பிப்ரவரி 9, ஞாயிறு

விமலின் மனைவி ஜெயஸ்ரீ ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். இறால் கூடை கையோடு. வாசல்படியில் உட்கார்ந்தவளை உள்ளே வரவைக்க அம்மா படாத பாடு பட்டார்.

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிற வேலைக்கு விமல் எழுதிப் போட்டிருக்கிறானாம். கனரக லைசென்ஸ் எடுத்தாயிற்று. போலீஸ் சரிபார்ப்பு முடிந்தால் துறைமுக பாஸ் வந்துவிடும். இந்த நேரத்தில் திருட்டுப் புகார் என்று ஒரு காகிதம் ஸ்டேஷனுக்குப் போனால் பாஸ் வராது. இந்த வருடம் மட்டுமல்ல, எப்போதுமே வராது.

"யக்கா, நீ படிச்சிகீற. அந்தாள்கிட்ட நீ சொன்னா கேப்பான்."

கேட்கமாட்டான். நான் சொன்னால் பொம்பளைக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்பான். சொல்லியிருக்கிறான், ஏற்கெனவே.

ஆனால் அவன் கண்ணால் பார்த்தால்?

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு நாளாக யோசித்து இன்று தண்டபாணியிடமே போய்ச் சொன்னேன்: "சார், உங்க யார்டுல கன்டெய்னர் கதவுக்குப் போடுவீங்களே நம்பர் அடிச்ச கேபிள் சீல், வெட்டாம கழட்ட முடியாதே, அதுல நாலு கொண்டு வாங்க. எண்ணெய் ஊத்துற மூடி, கம்பி, அடி போல்ட், ஃபில்டர் - நாலுக்கும் போட்டுடலாம். கார் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்களே ஓட்டுங்க. திருடன் கை வெச்சா சீல் உடையும்."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. திருடனைப் பிடிக்கிற யோசனை என்று நினைத்துக்கொண்டார். "ஏம்மா, நீ கஸ்டம்ஸுல இருக்க வேண்டிய ஆளு!"

சூடான எஞ்சின், சமதளம், சற்று நேரம் காத்திருந்து அளந்தோம். மறுபடி ஊற்றியதில் சரியாக மேல்கோடு. துறைமுகத்தில் ஒரு பெட்டி உடைபட்டதா இல்லையா என்பதற்கு எந்தச் சீல் சாட்சியோ, அதே சீல். சீல் நம்பர்களை அவர் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

புகாரை அதுவரை நிறுத்திவைப்பதாகச் சொன்னார். விமல் வேலைக்கு வரவேண்டாமாம்.

அய்யாத்துரை மாலையில் முனகினார்: "உனக்கு எதுக்கும்மா இந்தப் பொழப்பு? பில்லப் போட்டமா, வீட்டுக்குப் போனமான்னு இரேன்."

பிப்ரவரி 19, புதன்

தண்டபாணி நெல்லூர் வரை ஓட்டிவிட்டு வந்தாராம். மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் விரட்டு விரட்டு என்று விரட்டுகிறாராம். விரட்டட்டும். எவ்வளவு மிதிக்கிறாரோ அவ்வளவு குடிக்கும்.

மார்ச் 3, திங்கள்

ரமலான், இரண்டாம் நோன்பு. தொண்டை காய்ந்து ஒட்டிக்கிடந்தது. ஆனாலும் இன்றைக்கு ஒரு நாள் சந்தோஷமாக இருக்கலாம் என்றுதான் போனேன்.

நாலு சீலும் அப்படியே இருந்தன. தண்டபாணி தன் கையாலேயே நம்பர்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தன் கையாலேயே வெட்டினார். கம்பியை நான் உருவினேன். கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு ஒரு கறுப்புச் சொட்டு.

கம்பியை அவரிடம் நீட்டினேன்.

"சார், எஞ்சினுக்குள்ள வால்வு ரப்பர் சீல் தேஞ்சிருக்கு. ரிங்கும் தேஞ்சிருக்கலாம். வேகமா ஓட்டிட்டு காலை எடுக்கிறப்போ எண்ணெயை உறிஞ்சி எரிச்சிடும். பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி எல்லாத்துக்கும் இருக்கிறதுதான். யாரும் திருடலை."

கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனின் பிழைப்பில் கை வைத்துவிட்டோமே என்று முகத்தில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வந்தது இது:

"இத வெளிய சொல்லாத. வண்டிய விக்கலாம்னு கீறேன்."

"அப்போ விமல்?"

"அவன் டப்பா எண்ணெ எடுத்தது எடுத்ததுதான? வந்து ஒரு மன்னிப்பு கேக்கட்டும். பெரிய மன்சு பண்ணி வுட்டுடறேன்."

நோன்பு வாயில் வரக்கூடாத வார்த்தை வந்துவிட்டது. நல்லவேளை, கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 6, வியாழன்

மன்னிப்பு கேட்டுவிட்டான்.

யார்டில், அத்தனை டிரைவர்கள் முன்னாலும், காலைத் தொட்டு. ஜெயஸ்ரீயும் கூட நின்றாளாம். நான் பட்டறை வாசலில் அவனை மடக்கிக் கேட்டேன்: ஏன்டா, சீல் உடையலைடா, நான் நிரூபிச்சுட்டேன்டா, எதுக்குடா போய் விழுந்தே?

அவனுக்குக் கோபமே வரவில்லை. சிரித்தான்.

"நிரூபிச்சி இன்னாக்கா பண்றது? அவரு தப்புன்னு ஆச்சின்னா ஜென்மத்துக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டாரு. நான் தப்புன்னு ஆச்சின்னா அவருக்கு என்னைப் புடிச்சிப் பூடும். இப்போ பாரு, டிரெய்லர் கம்பெனிக்கு அவரே போன் பண்ணி 'நம்ம பையன்'னு சொல்லிகிறாரு. ஸ்டேஷன்லயும் சொல்லி வுடறேன்னாரு."

"மானம் போச்சேடா."

"மானத்த வெச்சிகினு ஹார்பர் கேட்டுக்கு வெளியதான்கா நிக்கணும்."

எனக்கு அவனை அறையவேண்டும் போல இருந்தது. தண்டபாணியை அல்ல - இவனை. இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

அவன் கணக்கு சரிதான். அதுதான் சகிக்கவில்லை.

மார்ச் 22, சனி

கார் விற்றுப்போயிற்று.

வாங்க வந்தவன் சின்ன வயசு, ஷிஜி என்று பெயர். பழைய வேக வண்டிகளாகத் தேடி வாங்குகிறவனாம். கைக்குட்டையை விரித்துத் தரையில் படுத்து அடியெல்லாம் பார்த்தான். புகைக்குழாயில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் கேட்டான்: "எவ்வளவு ஆயில் எடுக்கும் சார்?"

தண்டபாணி தொடையைத் தட்டினார். "ஒரு சொட்டு எடுக்காது தம்பி. நடுவுல கொறைஞ்சிகினு இருந்திச்சி. பாத்தா, டிரைவரு எடுத்துகினு இருந்தான். போனாப் போவுதுன்னு மன்னிச்சி வுட்டேன். கேளுங்க, இதோ நம்ம பொண்ணுதான் சீல் வெச்சி செக் பண்ணிச்சி."

என் சீல். என் நாலு சீலையே எடுத்து விமல் தலையில் போட்டுவிட்டார்.

ஷிஜி என் பக்கம் திரும்பினான். "அப்படியா மேடம்?"

அய்யாத்துரை இருமினார். தண்டபாணி சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். விமலின் சரிபார்ப்பு இன்னும் ஸ்டேஷனில்தான் கிடக்கிறது. அதைக் கெடுக்க இவரிடமிருந்து ஒரு போன் போதும்.

நான் சொன்னது: "டிக்கியில எப்பவும் ஒரு லிட்டர் வெச்சிக்கோங்க சார்."

ஷிஜிக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தான். "ரெண்டு லிட்டர் வெச்சிருக்கேன் மேடம். இந்த எஞ்சினை வாங்கிட்டு ஆயிலுக்கு அழ முடியுமா?" விலையில் ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை.

அவ்வளவுதானா? வாங்குகிறவனுக்குச் சிரிக்கிற விஷயம். இதை மறைக்கத்தானே ஒருவனைக் காலில் விழவைத்தார்?

காரைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டேன். விமலைப் பற்றியதை விழுங்கிவிட்டேன். அவனுக்காகத்தான் விழுங்கினேன் - அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். நோன்பு திறக்கப் பாங்கு சொன்ன பிறகும் வெகுநேரம் நோன்புக் கஞ்சியில் கை வைக்கவில்லை. "வயிறு சரியில்லையா?" என்றார் அம்மா. ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

விமலுக்கு பாஸ் வந்துவிட்டது. கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுத்த படம் அனுப்பினான். ஜெயஸ்ரீ குரல் செய்தியில் அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

ஏப்ரல் 17, வியாழன்

பாஸ் வந்தபிறகு சொல்லவேண்டும் என்று வைத்திருந்ததை இன்று சொல்லிவிட்டேன். மதியம் பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அய்யாத்துரை யாரிடமோ அந்தக் கதையைத்தான் பெருமையாக அளந்துகொண்டிருந்தார், தண்டபாணியின் பெரிய மனசு. நான் எழுந்து நின்று, "விமல் ஒண்ணும் எடுக்கலை. கார்தான் குடிச்சது. சீல் உடையலை. நானே பார்த்தேன்" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"அட, அது முடிஞ்ச கதைம்மா," என்றார் அய்யாத்துரை. ஒருவர் தன் ஸ்கூட்டர் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து நெடுஞ்சாலையில் விமலின் டிரெய்லர் வந்தது. நெரிசலில் எங்கள் வாசலுக்கு நேராகவே நின்றது. எதிர் டீக்கடையிலிருந்து வேறொரு டிரைவர் கையைக் கொட்டிக் கத்தினான்:

"டேய் ஆயிலு! ஆயில் விமலு!"

விமல் தலையை வெளியே நீட்டினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையைத் தூக்கிக் காட்டினான்.