மஞ்சள் பூசிய இலை அட்டை

2009 ஒக்டோபர் 18, ஞாயிறு. மிச்சம், லண்டன்.

மாமிக்கு இன்று எழுபது வயது. முதல்முறையாக என் கையாலேயே ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். பார்க்கில் பொறுக்கிய சிவப்பு இலைகளை ஒட்டி முடிக்க மூன்று மணித்தியாலம் போனது. வடிவாகத்தான் இருந்தது.

இவர் எட்டிப் பார்த்தார். "எழுபது வயது மனிசிக்குச் செத்த இலையோ குடுக்கிறது? அவ என்ன நினைப்பா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அபசகுனம் கழியட்டும் என்று, கலியாணக் கார்டுக்குப் பூசுவதுபோல நாலு மூலையிலும் மஞ்சள் பூசினேன்.

டூட்டிங்கில் இருக்கிற மாமி வீட்டுக்குப் போனோம். மாமி கண்ணாடி போடாமலே அட்டையை வாங்கினார். மூலையைத் தடவினார், முகர்ந்தார். உடனே கண் கலங்கிவிட்டது.

"கடைசியில என்ரை சின்னவனுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது! என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

இல்லையென்று சொல்ல இவருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மாமி கனடாவில் இருக்கிற சொந்தங்களுக்கே போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

சின்னவர், இவரின் தம்பி, அவருக்கு முப்பத்தெட்டு வயது. செய்தி கேள்விப்பட்டு, ஷிப்டுக்குப் போகிற வழியில் எனக்குப் போன் எடுத்தார். திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே காதில் வைத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணி, பொம்பிளை வடிவோ?"