இரண்டு தட்டு

இன்று காலை கீரிக் கடற்கரையில், மீனை வாங்கி ஐஸ் போட்டு அனுப்புகிற எங்கள் வாடிக்கு முன்னால் ஒரு லொறி நின்றது. பெட்டிகளை ஏற்றி முடித்ததும் பின்னால் நின்றவன் உள்ளங்கையால் தகரத்தில் இரண்டு தரம் அடித்தான். டப், டப். லொறி போய்விட்டது. என் வலது கால் மட்டும் மணலுக்குள் பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டு நின்றது. கையில் ஐஸ் உடைக்கிற சுத்தியல். அதை யாருடைய மண்டையிலாவது இறக்கவேண்டும் போல இருந்தது. ஐஸ் கட்டியில் இறக்கினேன். மாவாகும்வரை அடித்தேன். வாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். அவருக்கு என்னைப் பழகிவிட்டது.

ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. மன்னாரிலிருந்து முசலிப் பக்கம் ஓடிய அந்தப் பஸ்ஸில் நமக்குள் வேறு பேச்சே தேவைப்படவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன், கொண்டக்டர் நீ பின் மிதிபலகையில் தொங்குவாய். நடுவில் சனமும் சாக்கும் மீன் கூடையும் அடைத்துக்கொண்டிருக்கும். கண்ணாடியில் உன்னைத் தேடினால் யாரோ ஒருவருடைய அக்குள்தான் தெரியும். உன் கை தகரத்தில் விழுகிற சத்தத்தை நம்பித்தான் அத்தனை வருடமும் அத்தனை உயிர்களை ஏற்றி இறக்கினேன். "வங்காலை வேதக்காரனும் தீவுச் சோனகனும் ஒரு ஓட்டைப் பஸ்ஸைக் கட்டி மாரடிக்கிறம்" என்று நீ சனத்துக்குச் சொல்லிச் சிரிப்பாய். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் நான், பள்ளிவாசலுக்குப் போகிற சோனகன் நீ. நோன்பு நாட்களில் பொழுது சாய்ந்ததும் எனக்கென்று ஒரு பேரீச்சம்பழம் பின்னாலிருந்து கை மாறிக் கை மாறி வந்து சேரும்.

அந்த மழை நாளை நீ ஒருபோதும் வாய்திறந்து சொன்னதில்லை. நானே சொல்கிறேன். மன்னார்த் தீவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்தில் ஏறுகிற இடம். ஒரு கிழவரை இறக்குவதற்காக நிறுத்தினேன். அவருடைய அரிசிச் சாக்கை நீ தோளில் வாங்கிக்கொண்டு ரோட்டோரம் போனாய். காற்று பஸ்ஸை ஆட்டியது. ஒரு கழுதையும் அதன் குட்டியும் மழைக்கு ஒதுங்கி, பஸ்ஸின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன, குட்டி பின் சில்லுக்கு முன்னால் அடியில். எங்கள் ஊர்க் கழுதைகள் அப்படித்தான், மதிலென்றும் பஸ்ஸென்றும் அவற்றுக்கு வித்தியாசம் இல்லை. தாய்க் கழுதை தகரத்தை உதைத்தது. டப், டப். நீ போகச் சொல்கிறாய் என்று நான் எக்சிலேட்டரை மிதித்தேன்.

பின் சில்லு எதன்மேலோ ஏறி இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் ஆசனத்தின் வழியாக என் முதுகுக்கு ஏறியது. பிறகு தாய் கத்தத் தொடங்கியது. கழுதை கத்துவதைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அன்று அது கத்தியதைக் கேட்டிருந்தால் ஒருத்தரும் மறுபடி சிரிக்கமாட்டார்கள். ஆனால் பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். "கழுதைதானே, எடுங்கோ றைவர், நேரம் போகுது" என்றது ஒரு குரல். நீதான் குனிந்து, சில்லுக்கடியில் கிடந்ததைக் கால்களில் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டாய். சேட் முழுக்க இரத்தத்தோடு ஏறினாய். உன் கை தகரத்துக்குப் போய், தொடாமல் திரும்பியது. "போவம் மச்சான்" என்று வாயால் சொன்னாய்.

அன்றிலிருந்து நீ என்ன தட்டினாலும் எனக்குள் அந்த எலும்பு நொறுங்கியது. போகவேண்டிய இடத்தில் பிரேக்கை மிதித்தேன். சனம் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து என் தாயையும் தகப்பனையும் இழுத்து ஏசியது. நீ தட்டுவதையே விட்டாய். அத்தனை இரைச்சலுக்குள்ளும் "போவம் மச்சான், நில்லு மச்சான்" என்று கத்தினாய். மாலையில் உன் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வரும். மற்றப் பஸ்காரர்கள் "தட்டத் தெரியாத கொண்டக்டர்" என்று உன்னை நக்கலடித்தார்கள். காரணத்தை நீ ஒருவருக்கும் சொல்லவில்லை.

எனக்கோ கை சும்மா இருக்கவில்லை. பக்கக் கண்ணாடியைக் குத்தி உடைத்தேன். வீட்டில் சோற்றுக் கோப்பை சுவருக்குப் போனது. மனைவி மீன் வெட்டுகிற கத்தியை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டுமென்றபோது வாங்கி வந்து வெட்டினாள். என் காதுபடவே உன்னிடம் சொன்னாள்: "தம்பி, இந்த மனுசன் ஆரையாவது கொல்லும், இல்லாட்டித் தன்னைக் கொல்லும்." அவள் மிகைப்படுத்தவில்லை. பஸ்ஸைக் கடலுக்குள் விட்டால் எல்லாம் அமைதியாகிவிடும் என்று பாலத்தில் நான் நினைத்திருக்கிறேன், சனத்தோடு, உன்னோடு சேர்த்து.

பஸ் நிலையத்துக்குப் பஸ் முதலாளி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பஸ் பிந்துகிறது, சனம் மற்றப் பஸ்ஸுக்குப் போகிறது என்று குதித்தார். பிறகு வெற்றிலை வாயோடு சிரித்து, பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, கழுதை மாதிரிக் கத்திக் காட்டினார். அந்த மழை நாள் பஸ்ஸில் இருந்த யாரோ அவரிடம் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். "எடடா, இங்க கழுதை ஒண்டும் நிக்கேல்ல." சில்லுக் கழற்றுகிற இரும்பு எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. அவருடைய தலையின் எந்த இடத்தில் அடிக்கவேண்டும் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இரும்பை ஓங்கிவிட்டேன்.

நீ நடுவில் வந்து என் இடது கன்னத்தில் அறைந்தாய். ஒரே ஒரு அறை. பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. என் காது அடைத்துக்கொண்டது, கண்ணுக்குள் மின்னியது. கையிலிருந்த இரும்பு சீமெந்துத் தரையில் விழுந்தது. "இறங்கடா இந்த வேலையில இருந்து" என்றாய். "இனி உன்னால ஏலாது. உனக்கு வருத்தம் மச்சான், மருந்தெடுக்கிற வருத்தம்!" நீ அழுதுகொண்டு கத்தினாய். எனக்கு உன்மேல் வந்த வெறுப்பு முதலாளிமேல் கூட வந்ததில்லை. பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை உன் முகத்தில் எறிந்துவிட்டு நடந்தேன். வேலை அன்றோடு முடிந்தது.

மறுநாள் காலை நீ வாசலில் நின்றாய். எறிந்த திறப்புப் பட்டு உன் புருவம் வெடித்திருந்தது. கையைப் பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மனநல கிளினிக் வாசல் மரவாங்கில் இருத்தினாய். ஊரில் தெரிந்த ஒருத்தர் அந்த வழியால் வந்து, பலகையை வாசித்து, நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆருக்கு?" என்றார். என் கை மறுபடி முறுகியது. நீ முந்திக்கொண்டாய்: "எனக்குத்தான். இவன் துணைக்கு வந்தவன்." அன்று பின்னேரமே சந்தையில் உனக்கு விசரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பஸ்ஸுக்குள் உன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நீ மிச்சக் காசைக் கொடுத்தபடி "ஓம், விசரன்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்பாயாம்.

சண்டைக் காலத்தில் ஷெல்லடிக்குள் சைக்கிள் ஓடியவன், இறந்தவர்களைத் தூக்கியவன், ஒரு கழுதைக்குட்டிக்கா உடைந்தேன் என்று டொக்டர் அம்மாவிடம் கேட்டேன். "கழுதை கடைசியா வந்தது ஐயா. முதல் வந்ததெல்லாம் உள்ளுக்க அப்பிடியே நிக்குது" என்றார். மாத்திரை தந்தார், பேசவைத்தார். ஐஸ் உடைக்கிற வேலையை நீ கேட்டு வாங்கித் தந்தாய். "அடிக்கத்தானே உனக்கு விருப்பம், போய் அடி" என்றாய். அந்த அறைக்குப் பிறகு உன்னிடம் முதல் தரம் சிரித்தது அதற்குத்தான்.

என் இடத்துக்கு முதலாளி ஒரு வேகக்காரனைப் போட்டார். முன்னால் போகிறவனுக்குத்தான் சனம் என்று தினமும் அவன் காதில் ஓதினார். போன மாரி மழையில் கொண்டச்சிப் பக்கம் இன்னொரு பஸ்ஸை முந்தப் போனபோது, மிதிபலகையில் தொங்கிய உன்னை ஓரத்துப் பனை அடித்தது. அதற்கு முன் நீ தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினாயாம், நில் என்று. உள்ளே இருந்த எல்லாருக்கும் கேட்டதாம். அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று உன் வீட்டு முற்றத்தில் முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். தேய்த்த வெள்ளைச் சேட், அத்தர் மணம். "அவன்ட விதி அவ்வளவுதான், என்ன செய்யிறது?" என்றார். வேலியோரம் ஒரு வள்ளத்து நங்கூரம் கிடந்தது. குனிந்து அதைப் பிடித்துவிட்டேன். துருவும் உப்பும் உள்ளங்கையில் ஏறின. அவருடைய பிடரி எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவரைக் கொன்றுவிட்டு உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தேன். மாத்திரையும் டொக்டரும் அந்த நேரம் எங்கே போனார்களோ தெரியாது.

அப்போது என் இடது கன்னம் எரிந்தது. நீ நேற்றுத்தான் அறைந்தது போல, காது அடைக்க, கண்ணுக்குள் மின்ன எரிந்தது. நங்கூரத்தை விட்டேன். முதலாளி ஒன்றும் அறியாமல் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கலிமாச் சொல்லி உன்னைத் தூக்கினார்கள். எனக்கும் தோள்கொடுக்க இடம் விட்டார்கள். வேலிப் படலையடியில் உன்னைச் சுமந்த சந்தூக்கு ஒரு கணம் தயங்கி நின்றது. எந்தச் சத்தத்தால் என் வேலை போனதோ, அதை என் கையாலேயே அந்தப் பலகையில் உண்டாக்கினேன். டப், டப். பலர் முறைத்தார்கள். உன் தம்பி மட்டும் என்னைப் பார்த்து, "ஓம் அண்ணன், போகட்டும்" என்றான். நீ போனாய்.

அந்த இரண்டு தட்டையும் உனக்கே திருப்பித் தந்துவிட்டேன், மச்சான். நில் என்று என் கன்னத்தில் நீ போட்ட ஒரு தட்டு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று காலை சுத்தியலை ஐஸில் இறக்க வைத்தது அதுதான்.