மார்ச் பதினேழாம் தேதி வாழ்த்து

ஆல்ட்வீர்,
ஏப்ரல் 6

அன்புத் தம்பி யெல்மருக்கு,

பாலத்தைத் தூக்கி இறக்குகிற இந்தக் குடிலில் உட்கார்ந்துகொண்டு உன் அக்கா நின்கா எழுதுகிறேன். உன் மனைவி மார்லூஸும் குட்டி மகள் ஃபீனும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீயும் சுகம்தானே என்று வழக்கம்போல எழுத வரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் பேசினால் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுவாய். போன் திரையைப் பார்த்தால் உனக்குக் கண் கூசுகிறது என்று மார்லூஸ் சொன்னாள். அதனால்தான் காகிதம், அதனால்தான் இவ்வளவு பெரிய எழுத்து.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். படகுக் காலம் தொடங்கிவிட்டது. தூண்டில் கம்பில் மரச்செருப்பைக் கட்டிப் படகுக்காரர்களிடம் நீட்டினால் பாலக் காசுக்குப் பதில் சாக்லேட் போடுகிறார்கள், கஞ்சர்கள். நம் ஊர் கால்பந்து கிளப் சனிக்கிழமை ஆறுக்கு ஒன்று என்று தோற்றது. நீ ஆடிய இடத்தில் இப்போது பேக்கரிக்காரர் மகன் ஆடுகிறான். பந்து உயரமாக வந்தால் குனிந்துகொள்கிறான். எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அவன்தான் அந்தப் பதினொரு பேரில் புத்திசாலி என்று தோன்றுகிறது.

ஒரு பாய்மரப் படகு ஊதுகிறது. பாலத்தைத் தூக்கிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இனி சுற்றி வளைக்க மாட்டேன். மார்ச் பதினேழாம் தேதி காலையில் நீ எனக்குப் போன் செய்தாய். “அக்கா, வாழ்த்துக்கள்! இன்னிக்கு அம்மா பிறந்தநாளாச்சே, மறப்பேனா? ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு, வர முடியாது. கேக்குல ஒரு துண்டு எனக்கு எடுத்து வைக்கச் சொல்லு”ன்னு சிரித்துக்கொண்டே சொன்னாய். வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் மிச்சமிருக்கும் அத்தனை பேருக்கும் வாழ்த்துச் சொல்கிற ஊரில் பிறந்தவர்கள் நாம். வாழ்த்து வந்தால் வாய் தானாக நன்றி சொல்லிவிடுகிறது. நானும் “தேங்க்ஸ்டா, சொல்லிடறேன்”னு சொல்லி வைத்துவிட்டேன்.

யாரிடம் சொல்வது யெல்மர்? அம்மா போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நீயும் ஒருவன். முன்பக்கம், இடது ஓரம், மைதானத்தில் நீ நிற்கிற அதே இடப்பக்கம். புருவத்தில் ஐந்து தையலோடு ஜெர்மனியிலிருந்து வந்திருந்தாய்.

போனை வைத்த பிறகு சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றே உன்னைத் திருப்பிக் கூப்பிட்டு “டேய், என்ன உளர்ற?”ன்னு கேட்டிருக்க வேண்டும். கேட்கப் பயமாக இருந்தது. மூன்று வாரத்தைக் கடத்திவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஆகஸ்டில் உன் கிளப்பில் எல்லோருக்கும் அந்தத் தலைப் பரிசோதனை வைத்தார்களே, வார்த்தைகளைக் காட்டிவிட்டு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பது, எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வது. அப்போது நீ என்ன சொன்னாய்? “சீசன் ஆரம்பத்துல நாங்க கொஞ்சம் மக்கு மாதிரி நடிச்சிருவோம்க்கா. அப்புறம் அடிபட்டு நிஜமாவே மக்காப் போனாலும் மார்க்கு அதேதான் வரும், டாக்டர் ஆடுன்னு விட்டுருவாரு.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல் நம் ஊர் கிளப் கேன்டீனில் நாலு பேரிடம் ஜோக்காகச் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, அதுவும் இந்த மரச்செருப்பால்.

அதாவது, உன் தலை சரியாக இருக்கிறது என்று உன் கிளப் டாக்டர் நம்புகிறார். இல்லை என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மே மாதம் இன்னும் இரண்டு வருடம் ஆட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறாயாம். அதற்கு முன்னால் அவரிடம் போய் உண்மையைச் சொல். உன் அக்கா கேட்பது இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
பாலத்தடியில் நாலு படகை நிறுத்தி வைத்துவிட்டு,
நின்கா


ஆல்ட்வீர்,
ஏப்ரல் 28

அன்புள்ள யெல்மர்,

நீ போனில் கத்தியதில் எனக்குக் கோபமில்லை. கத்துகிற அளவுக்குப் பலம் இருக்கிறதே என்று சந்தோஷம்தான். “நீ பாலத்தத் தூக்குற வேலைய மட்டும் பாரு, என் தலைய நான் பாத்துக்கறேன்”ன்னு சொன்னாய். தூக்கக் கலக்கத்தில் அம்மா என்று வாய் தவறிவிட்டது, அதைப் போய்ப் பெரிதாக்குகிறாய் என்றாய். சரி, தூக்கக் கலக்கம். பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், அதையும் என்னிடமே மறைக்கிறாய்.

வெள்ளிக்கிழமை உன் ஆட்டத்தைக் கேன்டீனில் போட்டிருந்தார்கள். ராஜா பிறந்தநாளுக்குக் கட்டிய ஆரஞ்சுத் தோரணத்துக்குக் கீழே முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். முதல் பாதியில் பதினோரு முறை பந்தைத் தலையால் முட்டினாய். ஆமாம், எண்ணினேன். இடைவேளை முடிந்து எல்லோரும் பக்கம் மாறிப் போனார்கள். நீ மட்டும் நேராகப் பழைய பக்கத்துக்கே போய் நின்றாய், எதிரணி கோல்கீப்பருக்கு முன்னால். அவன் உன் தோளைத் தட்டி ஏதோ சொன்னான். நீ கையை உயர்த்திச் சிரித்துவிட்டு ஓடினாய். கேன்டீனே அதிர்ந்தது. பால் பண்ணைக்காரன் சீட்ஸ, “யெல்மரு கட்சி மாறிட்டான்டோய், அங்க சம்பளம் ஜாஸ்தி போல!”ன்னு கத்தினான். முப்பது பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் கோப்பையைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

உன்மேல் வருத்தப்பட்டு என்ன பயன், ஒருவேளை எனக்குத்தான் பைத்தியமோ என்று வீட்டுக்கு வந்து, இந்த ஊரில் எல்லார் வீட்டையும் போலக் கழிப்பறைச் சுவரில் தொங்குகிற பிறந்தநாள் நாட்காட்டியைக் கழற்றினேன். அம்மாவுடையதுதான். முப்பது வருடமாக அதே ஆணியில் தொங்குகிறது. மார்ச் பதினேழில் அம்மா தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறாள். பக்கத்தில் சின்னச் சிலுவை, அவள் போன பிறகு நான் போட்டது. அது சரியாகத்தான் இருந்தது. சும்மா மற்ற மாதங்களையும் புரட்டினேன்.

யெல்மர், அதில் பிறந்தநாள் மட்டும் இல்லை. ஓரத்தில் பென்சிலால், கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக, உனக்குத் தலையில் அடிபட்ட நாட்களை அம்மா எழுதி வைத்திருக்கிறாள். செப்டம்பர் பதினான்கு: “யெ. தலை. அபர்டீன். முழங்கை.” டிசம்பர் மூன்று: “யெ. தலை. வாந்தி எடுத்தானாம், சொல்லவில்லை.” ஜனவரி இருபது: “யெ. தலை. ஸ்கோர் கேட்டான், மூன்று தடவை.” ஒவ்வொன்றுக்கும் வருடமும் போட்டிருக்கிறாள். மொத்தம் ஏழு. முதலாவது உனக்குப் பத்தொன்பது வயதில். கடைசி, அவள் போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், அந்தப் புருவத் தையல்.

பதினேழு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். பெரிய கிளப், பிறகு ஸ்காட்லாந்து, ஜெர்மனி, இப்போது நாட்டின் தெற்கு மூலை. நானூற்றுச் சொச்சம் ஆட்டம், ஒன்பது கோல். அந்த ஒன்பதை ஊரே மனப்பாடமாகச் சொல்லும். இந்த ஏழு அடியையும் எழுதி வைத்தது அம்மா ஒருத்திதான். ஒரு நாளும் நம்மிடம் வாய் திறக்கவில்லை பார். நீ ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டாய், அதனால் அவள் கழிப்பறையில் உட்கார்ந்து தனியாகப் பயந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வருகிறது. நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளைத் திட்டித் தீர்த்தேன். பிறகு ஏப்ரல் மாதத்தைப் புரட்டி இருபத்தைந்தாம் தேதியில் நானும் எழுதினேன்: “யெ. தலை. பக்கம் தவறி நின்றான்.”

நேற்று ஃபீன் போனில் என்ன சொன்னாள் தெரியுமா? “அத்தை, அப்பாவுக்கு வெளிச்சம் பிடிக்கல. நாங்க பகல்லயும் திரை போட்டுட்டு ராத்திரி விளையாட்டு விளையாடறோம்.” அவளுக்கு அது விளையாட்டு.

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியாதா? “பந்த எடுத்துட்டா நான் யாருக்கா? முப்பத்தி நாலு வயசுல, வேற ஒண்ணும் தெரியாத ஆளு”ன்னு போன கிறிஸ்துமஸில் பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாய். நான் ஏதோ கேலி பேசி மழுப்பிவிட்டேன். உனக்காகப் பதில் கண்டுபிடித்து வைத்திருப்பதாகப் இப்போதும் பொய் சொல்ல மாட்டேன்.

உன்மேல் கோபமும் பாசமுமாக,
நின்கா


ஆல்ட்வீர்,
மே 11

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. மார்லூஸ், “படிச்சாரு அண்ணி, மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு”ன்னு சொன்னாள். கிழிக்கவில்லை என்ற வரைக்கும் சந்தோஷம். வெள்ளிக்கிழமை, பதினாறாம் தேதி கையெழுத்து என்றும் சொன்னாள். ஐந்து நாள்தான் இருக்கிறது.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய படகு வந்தது. மணி அடித்தேன், தடுப்பை இறக்கினேன், பொத்தானை அழுத்தினேன். பாலம் ஒரு சாண் எழும்பிய பிறகுதான் பார்க்கிறேன், தடுப்புக்கு உள்ளே சைக்கிளோடு ஒரு பெண், பின் இருக்கையில் குழந்தை. உடனே நிறுத்திவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண், “கண்ண எங்கம்மா வச்சிருக்க?”ன்னு கத்திவிட்டுப் போனாள். கண் பாலத்தில்தான் இருந்தது. புத்திதான் உன்னிடம் இருந்தது.

பதினெட்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. மேலிடத்தில் யாருக்கும் தெரியாது, மூடி மறைத்திருக்கலாம். அரை மணி நேரம் அதைத்தான் யோசித்தேன். பிறகு மேலாளர் ஹார்மனைக் கூப்பிட்டேன். “ஹார்மன், நான் சரியா இல்ல. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. என்னை நம்பிப் பாலத்தக் குடுக்காதீங்க”ன்னு சொன்னேன். சீட்டைக் கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர், “சொன்னியே, அது போதும். வீட்டுக்குப் போ”ன்னு மட்டும் சொன்னார். இரண்டு வாரம் வேறொருவர் நிற்கிறார். அதற்கப்புறம் விசாரணை, வேலை இருக்கிறதோ இல்லையோ தெரியாது. ஆனால் அன்று ராத்திரி நான் தூங்கினேன் யெல்மர். இரண்டு மாதத்தில் முதல் முறையாக.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஜன்னலெல்லாம் இரண்டு முறை துடைத்துவிட்டேன். வாய்க்காலில் விழுந்த பந்தை எடுக்க நாம் வைத்திருந்த வலைக்கம்பு கொட்டகையில் கிடக்கிறது, அதையும் கழுவி வைத்துவிட்டேன், எதற்கென்று கேட்காதே.

இந்தப் பார்சலில் அம்மாவின் நாட்காட்டி இருக்கிறது. கூடவே உன் டாக்டருக்கு ஒரு கடிதம். ஆகஸ்டில் நீ எப்படி நடித்தாய், அம்மா எழுதிய ஏழு தேதி, நான் எழுதிய ஒன்று, எல்லாம் அதில் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை. நீ படித்துப் பார். அவர் முகவரி எனக்குத் தெரியும், நேராக அவருக்கே அனுப்பியிருக்கலாம். ஒரு வாரம் அந்தத் தபால் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இத்தனை வருட ஆட்டத்தில் பின்னாலிருந்து ஒருத்தன் காலையும் நீ வாரியதில்லை. உன்னிடம் நான் அதைச் செய்ய மாட்டேன். முன்னால் வந்து நின்றுதான் கேட்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் கையில்.

கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கையெழுத்து இருக்காது. பேப்பரில் நாலு வரி வரும். சீட்ஸ ஏதாவது ஜோக் அடிப்பான், அவன் தலையில் நான் பீரை ஊற்றுவேன். அதற்கப்புறம் நீ யார் என்பதை நீயும் நானும் மார்லூஸும் உட்கார்ந்து மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கழிப்பறையில் அந்த ஆணி வெறுமையாக இருக்கிறது. நாட்காட்டியைத் தபாலில் திருப்பி அனுப்பாதே. நீயே கொண்டுவந்து மாட்டு.

அடுத்த மார்ச் பதினேழாம் தேதி எனக்குப் போன் செய். வாழ்த்துச் சொல்ல வேண்டாம். “அக்கா, அம்மா இருந்திருந்தா இன்னிக்கு எழுபத்தி மூணு”ன்னு சொல். நான் அழுவேன், நீ கண்டுகொள்ளாதே. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன்.

உன் தலையில் கை வைத்து, அம்மாவுக்கும் சேர்த்து வாழ்த்துகிற,
உன் அக்கா
நின்கா