அப்பாவின் மூன்றாம் திரை

ஜூலை 8, திங்கள்
இன்றும் அப்பா ஏதோ சொல்ல வந்து என் வேலைத் திரையில் எதையோ தட்டிவிட்டார். பாதி எழுதிய புரோகிராம் சிதறிப்போனது. கோபப்பட முடியவில்லை. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பேச்சு கிடையாது. கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. நாகப்பட்டினம் துறைமுகத்தில் வருஷக்கணக்காக மீன் ஏலம் கூவிய குரல் அது. போனில் தட்டவும் வரவில்லை – ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழுகிறது. கீபோர்டுதான் அந்த விரல்களுக்குச் சரி.

ஜூலை 9
வழி கிடைத்தது. என் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனிக் கறுப்புத் திரைகள் உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று – சேர்த்து அழுத்தினால் என் வேலை கலையாமல் பின்னால் நிற்கும், இன்னொரு திரை முன்னால் வரும். மூன்றாவதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன். தமிழ் அங்கே வெறும் கட்டங்களாக வருகிறது, அதனால் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். காட்டிக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 12
கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு வந்தால் மூன்றாம் திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு வரி: “கொழம்புல புளி பத்தல.”
சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது.

ஜூலை 20
இப்போதெல்லாம் வாய் ஓய்வதில்லை, எனக்கு. அவர் தட்டுகிறார், நான் பதில் சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஹஃப்ஸா அக்கா, யார்கூட இவ்வளவு பேச்சு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 23
ஏலத்துக்குப் போறேன்னு தட்டியிருந்தார். முடியவே முடியாதுன்னேன். கழுத்துல தூசியோ தண்ணியோ படக்கூடாதுன்னு தஞ்சாவூர் டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? அதோட விட்டிருக்கலாம். “அங்க போய் எப்படிப்பா கூவுவீங்க?”ன்னு கேட்டுட்டேன். ஏன் கேட்டேன்? எழுந்து போயிட்டார்.

ஜூலை 25
மூன்றாம் திரை காலி.

ஜூலை 26
என் திரை அப்படியே உறைந்துவிட்டது. மவுஸும் நகரவில்லை. மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய வேலை. பவர் பட்டனை அழுத்தப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே அந்த மூன்று விசைகளையும் அழுத்தினார். அவருடைய திரை வந்தது. “இது ஓடுது பாரு,” என்று தட்டினார்.
எனக்குத் தெரிந்ததுதான். பதற்றத்தில் தோன்றவில்லை. நாலாம் திரையில் நான் நுழைந்து, சிக்கிக்கிடந்த புரோகிராமை மட்டும் நிறுத்தினேன். வேலை தப்பித்தது.
அனுப்பி முடித்த பிறகு மறுபடி தன் திரைக்கு மாற்றினார். “கூவ வேணாம். சும்மா நிக்கிறேன்.”
சரிப்பா என்றேன்.

ஆகஸ்ட் 3
கழுத்துக்கு மெல்லிய துணியில் மறைப்பு தைத்துக் கட்டிவிட்டேன். அப்பா இடத்தில் இப்போது ஏலம் கூவும் வைரக்கண்ணு மாமா பைக்கில் கூட்டிப்போனார். திரும்பி வரும்வரை வேலையில் மனசே இல்லை.

ஆகஸ்ட் 14
வைரக்கண்ணு மாமா போன் செய்தார். அப்பாவிடம் கொஞ்சம் சொல்லி வைக்க வேண்டுமாம். “வெல பத்தலன்னு நடுவுல கையத் தூக்கி நிறுத்திடுறாரும்மா. யாவாரிங்க என்னப் பாக்குறதே இல்ல. அவரு கையத்தான் பாக்குறாங்க.”
சொல்கிறேன் மாமா என்றேன்.
சொல்லப்போவதில்லை.